ஒயில் மாற்ற முன்னா, மாற்றிய பின்னா? மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒயில் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

"கிளச் வழுக்குது அண்ணை" என்று சொல்லிக்கொண்டு போன மாதம் பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவன் பைக்கோடு வந்தான். முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை.

"எப்ப இருந்து?"

"ஒரு கிழமையா."

"ஒயில் எப்ப மாத்தினது?"

"அதுவும்... ஒரு கிழமைதான்."

பிழை எந்தப் பக்கம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவன் என்ன ஒயில் விட்டிருந்தான் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எஞ்சின் ஒயில் விஷயத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: கோளாறு ஒயில் மாற்ற முன்பே இருந்ததா, மாற்றிய பிறகு வந்ததா? பிறகு வந்ததென்றால் எஞ்சினைப் பிரிக்கும் கதையே இப்போதைக்கு வேண்டாம். மாற்றிய கையையும் விட்ட ஒயிலையும் சந்தேகியுங்கள். முன்பே இருந்ததென்றால் அவசரப்பட்டுப் புது ஒயில் விடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குப் பழைய ஒயில்தான் சாட்சி. அதைப் பார்க்காமல் வடித்து ஊற்றிவிட்டால், பிறகு கராச்சில் போய் ஊகத்தில்தான் கதைக்க வேண்டும்.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. யாழ்ப்பாணத்தில் சொந்த வண்டிகளுக்கு முற்றத்து மாமர நிழலில் வைத்து ஒயில் மாற்றிப் பழகியவன். பிழைவிட்டும் பழகியவன். அந்த அளவுக்குள் நின்று எழுதுகிறேன்.

அளவைச் சரியாகப் பார்த்தீர்களா?

"ஒயில் குறையுது", "ஒயில் கூடுது" என்று வருகிறவர்களில் பலருக்கு ஒயில் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. பார்த்த விதம்தான் பிழை. சைட் ஸ்ராண்டில் சரிந்து நிற்கும் வண்டியில் பார்த்தால் ஒயில் மட்டம் காட்டும் கண்ணாடி வில்லையும் பொய் சொல்லும், அளவுக் கம்பியும் பொய் சொல்லும்.

சமமான நிலத்தில் நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். நடு ஸ்ராண்ட் இல்லாத வண்டியென்றால் இன்னொருவரைக் கொண்டு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். எஞ்சினை 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிறகு 2, 3 நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஒயில் கீழே இறங்கவேண்டும். இறங்க முன் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அப்புறம் கம்பியை எடுத்து, நூல் விடாத துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹீரோ, ஹொண்டா வகை வண்டிகளில் பெரும்பாலும் கம்பியைத் திருகாமல், துளையில் சும்மா வைத்துத்தான் அளக்கவேண்டும். திருகி இறக்கினால் கம்பி அதிக ஆழம் போய், குறைந்த ஒயிலையும் நிறைந்ததாகக் காட்டும். வேறு சில வண்டிகளில் திருகி எடுக்கச் சொல்லியிருப்பார்கள். வண்டியோடு தந்த சிறு புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது பாருங்கள். புத்தகம் தொலைந்தவர்கள், அடுத்த முறை சரியான அளவு ஒயில் விட்ட கையோடு இரண்டு விதமாகவும் அளந்து பார்த்து, எது மேல் கோட்டோடு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மேல் கோட்டைத் தொட்டே ஆகவேண்டும் என்று சொட்டுச் சொட்டாக விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தேவையில்லை.

அளவு குறைகிறது, நிலத்தில் சொட்டு இல்லை

நிலத்தில் விழாத ஒயில் எரிந்துதான் போயிருக்கும். யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். விடிய ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. கரும்புகை என்றால் பெற்றோல் கூடப் போகிறது, அது ஒயிலின் குற்றமில்லை. நீலம் கலந்த புகைதான் ஒயில். மணத்திலும் தெரியும், தாச்சியில் எண்ணெய் கருகினால் வருமே, அந்த மாதிரி.

நீலப்புகை எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை விடியற்காலை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு குப்பென்று வந்து, பிறகு சுத்தமாக ஓடுகிறதா? அல்லது முறுக்கை விட்டு வேகம் குறைத்து, மறுபடி முறுக்கும் நேரம் வருகிறதா? அப்படியென்றால் வால்வு சீல் காய்ந்து இறுகியிருக்கலாம். மலிவான சாமான். ஆனால் மாற்ற எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றவேண்டும்.

முறுக்க முறுக்கப் புகையும் கூடுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது என்றால் பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் இடையை அடைக்கும் பிஸ்ரன் றிங் பக்கம் சந்தேகம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் விடும் மூடியை இளக்கிப் பாருங்கள். கொஞ்சம் காற்றுத் தட்டுவது சாதாரணம். புகையோடு மூச்சு வாங்குவதுபோலத் தள்ளினால் எரியறைக் காற்று றிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது. மூடியை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள், சூடான ஒயில் சட்டையில் தெறிக்கும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? என்னுடைய கணக்கு இது: 1000 கிலோமீற்றருக்கு 100 மில்லிலீற்றர் குறைந்தால் அளவைப் பார்த்துப் பார்த்து ஓடுவேன். 300 குறைந்தால் கராச்சுக்குப் போவேன். 100 சீசீ வண்டியில் இருப்பதே கிட்டத்தட்ட 800 மில்லியிலிருந்து 1 லீற்றர் வரைதான். அதில் 300 போய்விட்டால் மிஞ்சுவதைக் கொண்டு எஞ்சின் எவ்வளவு நேரம் தாங்கும்?

"தடிச்ச ஒயில் விட்டாப் புகை நிக்கும்" என்று சொல்வார்கள். கொஞ்ச நாள் நிற்கும். விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. செக்கன்ட் ஹான்ட் வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே புகையைப் பாருங்கள்.

அளவு கூடியிருக்கிறது, கம்பியில் பெற்றோல் மணக்கிறது

ஒயில் தானாகக் கூடாது. கூடியிருந்தால் ஒன்று, நீங்களே அதிகம் விட்டிருக்கிறீர்கள். இல்லையென்றால் பெற்றோலோ தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது. கம்பியை மூக்கருகே பிடித்தாலே பெற்றோல் தெரியும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீர்போல ஓடும். பத்திரிகைத் தாளில் ஒரு சொட்டு விட்டுச் சற்று நேரம் பொறுத்தால், நடுவில் கறுப்பும் அதைச் சுற்றி வெகுதூரம் பரவிய மெல்லிய ஈர வளையமும் தெரியும்.

கார்புரேற்றர் வண்டிகளில் இதற்குக் காரணம் அனேகமாக, பெற்றோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் மிதவை ஊசிதான். ஊசியின் முனை தேய்ந்தாலோ தூசு பிடித்தாலோ பெற்றோல் நிற்காமல் வழிந்து, சிலிண்டருக்குள் இறங்கி, றிங்கைத் தாண்டி ஒயிலோடு சேரும். பெற்றோல் டப்பை (தாங்கியின் கீழே திறந்து பூட்டும் திருகு) திறந்தபடி நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் கேட்கவே வேண்டாம். 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் கோட்டில் கணக்குப்பார்த்து வாங்கினோமே, அந்த நாள்களில் பல வண்டிகள் கொட்டிலில் கிடந்தன. என்னுடையதும்தான். டப்பைப் பூட்ட மறந்து, மூன்று கிழமை கழித்துக் கம்பியை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு. வரிசையில் நின்று வாங்கிய பெற்றோல் ஒயிலுக்குள் கிடக்கிறது.

இந்த நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். முதலில் ஊசியையும் டப்பையும் சரி செய்யுங்கள், பிறகு ஒயிலை மாற்றுங்கள். முறை மாறிச் செய்தால் இரண்டாவது தடவையும் ஒயில் வாங்கவேண்டி வரும்.

பழைய ஆட்களுக்கு இது புதுக்கதை இல்லை. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலை ஒரு சொட்டுக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் இறங்கும். அப்படி மெலிந்த ஒயிலோடும் ஹொண்டா எம்டி 90 வண்டிகள் ஓடியது உண்மைதான். எத்தனை எஞ்சின் தேய்ந்து போனது என்பதும் அந்த ஆட்களுக்குத் தெரியும்.

ஸ்கூட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஸ்கூட்டியில் எஞ்சின் ஒயில் வேறு, பின்சில்லுப் பக்கத்து கியர் ஒயில் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வடிகால் நட். பழக்கமில்லாதவர் கியர் ஒயில் நட்டைக் கழற்றுவார். நூறு மில்லியளவுதான் வடியும். "என்ன, ஒயிலே இல்லையே" என்று எஞ்சினுக்கு 700 மில்லி புதுசாக விடுவார். இப்போது எஞ்சினில் இரட்டிப்பு ஒயில், கியர்ப் பெட்டியில் ஒன்றும் இல்லை. வடிந்தது எதிர்பார்த்த அளவுக்கு மிகக் குறைவாக இருந்தால், புதியதை விடுவதற்கு முன் குனிந்து எந்த நட்டைக் கழற்றினீர்கள் என்று பாருங்கள்.

சும்மா கொஞ்சம் கூட விட்டுவிட்டதென்றால், மெல்லிய குழாய் பொருத்திய பெரிய சிரிஞ்சால் மேல் துளை வழியாக உறிஞ்சி எடுத்துவிடலாம். கூடிய ஒயிலோடு ஓடினால் அது நுரைக்கும், எஞ்சினின் உள்காற்றை வெளிவிடும் மூச்சுக் குழாய் வழியாக எயார் பில்ரர் பெட்டிக்குள் போய் ஊறும், பலவீனமான சீல் எதுவோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது

தண்ணீர். வேறு விளக்கம் இல்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போலப் படிந்திருந்து, வடியும் ஒயில் நல்ல நிறத்தில் இருந்தால் பயமில்லை. திருநெல்வேலிச் சந்தைக்கும் டியூசனுக்கும் கோயிலுக்கும் என்று ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வண்டிகளுக்கு மாரி காலத்தில் இது வரும். எஞ்சின் நன்றாகச் சூடாகாததால் உள்ளே ஊறும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லை. கிழமைக்கு ஒருமுறை வண்டியைப் பருத்தித்துறைப் பக்கமோ பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கமோ அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வாருங்கள். அதுவே மருந்து.

முழு ஒயிலும் பால் நிறமென்றால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கும், அல்லது சேவிஸில் பெரிய அழுத்தத்தில் அடித்த தண்ணீர் மூச்சுக் குழாய் வழியாகப் போயிருக்கும். கார்த்திகை, மார்கழி வெள்ளம் இங்கே புதிதில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் குடாநாட்டில் எத்தனை முற்றங்கள் குளமாகின என்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறோம். சைலன்சருக்கு மேலே தண்ணீர் ஏறி நின்ற வண்டியை உதைத்துப் பார்க்கவே கூடாது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஒயிலை வடியுங்கள். எயார் பில்ரரையும் கார்புரேற்றரையும் பார்த்துத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு மலிவான, ஆனால் சரியான தரமுள்ள ஒயிலை விட்டு, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடியுங்கள். இன்னும் வெளுப்பாக வந்தால் மறுபடியும். தெளிந்த பிறகுதான் நல்ல ஒயில்.

காற்றால் குளிரும் எஞ்சினில் தண்ணீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும். றேடியேற்றர் உள்ள வண்டியென்றால் ஹெட் கஸ்கட்டோ தண்ணீர்ப் பம்ப் சீலோ விட்டிருக்கலாம். றேடியேற்றர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் முற்றத்து வேலை இல்லை, கராச் வேலை.

மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிட்டது

கறுக்கட்டும். அழுக்கையும் கரியையும் கழுவி எடுத்துத் தன்னோடு வைத்திருப்பது ஒயிலின் வேலை. நிறத்தைப் பார்த்து ஒயில் மாற்றினால் காசுதான் கறுக்கும். கிலோமீற்றரைப் பாருங்கள். புது வண்டியின் முதல் மாற்றம் பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள். பிறகு வண்டியையும் ஒயிலையும் பொறுத்து 3000 முதல் 6000 வரை சொல்வார்கள். நான் மினரல் ஒயில் விட்டுக் குறுந்தூரம் ஓடுபவன். 2500இல் மாற்றுகிறேன். குறைவாக ஓடும் வண்டிக்கும் வருடம் ஒருமுறையாவது மாற்றவேண்டும்.

உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண் ஒழுங்கைகளில் நாளாந்தம் ஓடுபவர்கள் ஒயிலோடு சேர்த்து எயார் பில்ரரையும் தட்டிப் பாருங்கள். அந்தத் தூள் உள்ளே போனால் எந்த ஒயிலும் றிங்கைக் காப்பாற்றாது.

வடித்த ஒயிலில் மினுமினுப்பு

வடித்ததை வெயிலில் பிடித்துப் பாருங்கள். புது வண்டியின் முதல் ஒயிலில் மெல்லிய மினுக்கம் இருக்கும், உள்ளே உள்ள சாமான்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. ஓடிப் பழகிய வண்டியில் அது இருந்தால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஒயிலுக்குள் விட்டு எடுங்கள். ஒட்டினால் இரும்பு: கியர்ப் பல், பெயரிங், காம். ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம்: பிஸ்ரனோ எஞ்சின் உடலோ. காந்தத்தில் ஒட்டாத கறுத்த சிம்பு கிளச் தட்டிலிருந்து வந்தது. விரலில் தனியாகப் பிடிபடும் துண்டு ஏதும் வந்தால் வண்டியை ஓடவேண்டாம். அந்தத் துண்டை ஒரு தாளில் மடித்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். "ஒரு சத்தம் வருது அண்ணை" என்று சொல்வதைவிட அந்தத் துண்டு அவருக்கு அதிகம் சொல்லும்.

மாற்றிய பிறகு கிளச் வழுக்குகிறது

தம்பியின் கதைக்கு வருவோம்.

"என்ன ஒயில் விட்டனீர்?"

"மாமான்ரை காருக்கு வாங்கினதிலை மிச்சம் கிடந்தது அண்ணை. நல்ல விலையான ஒயில்."

நல்ல விலையான ஒயில்தான். காரில் கிளச் எஞ்சின் ஒயிலைத் தொடுவதில்லை. நம்முடைய பைக்குகளில் கிளச் தட்டுகள் அதே ஒயிலில் குளித்துக்கொண்டே இயங்குகின்றன, கியரும் அதிலேயே. கார் ஒயில்களில், முக்கியமாக மெல்லிய, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வகைகளில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். உராய்ந்தால்தானே கிளச் பிடிக்கும்?

இதற்காகத்தான் ஜப்பான்காரர் 1998இல் ஜாசோ (JASO) என்ற தர அடையாளத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்புறத்தில் சின்னக் கட்டத்தில் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று இருந்தால் நனைந்த கிளச் உள்ள பைக்குக்கு. எம்பி என்று இருந்தால் ஸ்கூட்டிக்கு, அதன் கிளச் ஒயிலுக்கு வெளியே உலர்ந்து இருக்கிறது. பைக்குக்கு எம்பி வேண்டாம். 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்ற எண்கள் தடிப்பை மட்டும் சொல்லும், கிளச்சுக்குப் பொருந்துமா என்று சொல்லாது. தடிப்பும் கம்பனி சொன்னதாகவே இருக்கட்டும். இங்கே வெக்கை என்பதற்காக 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 விட்டால், ஒடுக்கமான ஒயில் பாதைகளில் அது சுணங்கித்தான் போகும்.

ஒயிலைக் குறை சொல்ல முன் கிளச் கேபிளைப் பாருங்கள். கைப்பிடி முனையில் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட விளையாட்டு இருக்கவேண்டும். இறுக்கமாக இருந்தால் எந்த ஒயிலிலும் வழுக்கும். தம்பியுடையதில் கேபிள் சரி. கார் ஒயிலை வடித்தோம், எம்ஏ2 விட்டோம், 100 கிலோமீற்றர் மெதுவாக ஓடச் சொல்லி அதையும் வடித்து மறுபடி விட்டோம். பிடித்துவிட்டது. ஒரு மாதம் வழுக்க வழுக்க ஓடியிருந்தால் தட்டுகள் கருகிக் கண்ணாடிபோல ஆகியிருக்கும், அப்போது தட்டு மாற்றாமல் தீராது.

மாற்றிய பிறகு ஹெட்டில் டக் டக் சத்தம்

முதல் சில செக்கன் சத்தம் வந்து நின்றுவிட்டால் வெறுமையான பில்ரர் நிரம்புகிறது, அவ்வளவுதான். நிற்கவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அளவைப் பாருங்கள். பிறகு பில்ரர் பக்கம்: காகித பில்ரரைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம், றப்பர் ஓ றிங்கைப் பழைய பில்ரரோடு எறிந்திருக்கலாம், ஸ்பிறிங்கை மறந்திருக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் ஒயில் பில்ரருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும், அல்லது போகவே போகாது. கழற்றும்போதே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். எல்லா வண்டியிலும் காகித பில்ரர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பல 100 சீசீ வண்டிகளில் கம்பி வலைச் சல்லடையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான். சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டால் போதும்.

சிலிண்டர் ஹெட்டில் ஒயில் சோதிக்கும் சிறு போல்ட் உள்ள எஞ்சினென்றால் அதைச் சற்றே இளக்கி, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒயில் கசியவேண்டும். கசியாவிட்டால் சாவியை அணையுங்கள்.

கியர் விழ மறுக்கிறது, நியூற்றல் பிடிக்கவில்லை

மாற்ற முன் இருந்தால்: ஒயில் தேய்ந்து மெலிந்துவிட்டது, மாற்றும் நாள் வந்துவிட்டது. சூடான பிறகு மட்டும் வருவது இதற்கு நல்ல அடையாளம். மாற்றிய பிறகும் இருந்தால் கிளச் கேபிள் தளர்வு, இல்லையென்றால் கியர் பெடல் இணைப்பு. இதில் ஒயிலைப் போட்டு வதைக்க வேண்டாம்.

கசிவு

எங்கே என்று தெரியாமல் எதையும் இறுக்காதீர்கள். எஞ்சினைத் துடைத்து உலரவிட்டு, அடிப்பக்கம் முழுக்க முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள். ஒயில் வரும் தடம் பவுடரில் கோடு போட்டுக் காட்டும். காற்று ஒயிலைப் பின்னால் தள்ளும் என்பதால், சொட்டு விழும் இடத்தைவிட மேலேயும் முன்னேயும்தான் மூலம் இருக்கும்.

வடிகால் நட்டில் கசிந்தால் வோஷர். செம்பு அல்லது அலுமினிய வோஷர் ஒருமுறை நசிந்தால் தன் வேலையை முடித்துவிட்டது. தேத்தண்ணிக் காசுக்குக் குறைந்த சாமான், ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். செயின் ஓடும் முன் பற்சில்லான ஸ்புறொக்கற் பக்கமென்றால் கியர்த்தண்டுச் சீல். ஆனால் அங்கே செயினுக்குப் பூசிய கிறீஸும் தேங்கி ஏமாற்றும், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

நட் கழலவில்லை, அல்லது புரி போய்விட்டது

இதில்தான் என்னுடைய அவமானம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே 17ஆம் நம்பர் ஸ்பனரை இடப்பக்கம் திருப்பினேன். வரவில்லை. குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி நீளமாக்கி, காலால் ஒரு மிதி. "கிறீச்" என்றது. கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டால் நட் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கீழ்நோக்கி இருக்கும் நட்டை மேலேயிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும். நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன். அலுமினியப் புரி மாவாகி நட்டோடு வந்தது. "நட்டுக்கா மரை கழண்டது, உங்களுக்கா?" என்று கேட்டது வீட்டுக்காரி.

நட்டின் முகத்தைப் பார்த்தபடி நின்று யோசியுங்கள், அப்போது இடஞ்சுழியாகத்தான் கழலும். நட்டின் தலையை மழுக்கிவிடக்கூடிய ஸ்பனரைவிட ஆறுமுக சொக்கெற் நல்லது. எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள், ஒயிலும் இலகுவாக வடியும். கை சுடும் அளவுக்கு வேண்டாம். காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்க உப்புக்காற்றில் துருவேறிய நட்டென்றால் முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டுப் படுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கடைசிவரை கையாலேயே திருகுங்கள். கையால் இலகுவாகப் போகவில்லையென்றால் புரி குறுக்காக ஏறுகிறது, கழற்றி மறுபடி. வோஷர் தொட்ட பிறகு ஸ்பனரால் கால் சுற்று, அதற்குச் சற்றுக் கூட. அளவுமானி ஸ்பனர் உள்ளவர்களுக்குப் பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீற்றர்.

புரி போய்விட்டால் பிசின், டேப் என்று ஒட்டுவேலை பார்க்காதீர்கள். ஓடும்போது கழன்றால் எஞ்சின் அதோடு முடிந்தது. பின்சில்லில் ஒயில் பட்டால் நீங்களும். கடைசல் பட்டறையில் கொடுத்துப் புதுச் சுருள் புரி பதிக்கலாம். எனக்கு அப்படித்தான் செய்தார்கள், இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

வடித்த ஒயிலை என்ன செய்வது?

வேலிக் கதியாலுக்கும் கொட்டில் மரத்துக்கும் கறையான் வராமல் பூசுவது நம் ஊரில் பழைய வழக்கம். நானும் பூசியவன், இப்போது விட்டுவிட்டேன். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமுமான அந்தக் கல்லுக்குள் நிற்கும் மழைத் தண்ணீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கிறோம். நிலத்தில் ஊற்றியது அங்கேதான் போகும். சுன்னாகத்தில் மின் நிலையச் சுற்றாடல் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பு வந்தது. அது பெரிய அளவு, நம்முடையது ஒரு லீற்றர். ஆனால் ஒழுங்கைக்குப் பத்து வண்டி நிற்கிறது.

புது ஒயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடி, மேலே "பழசு" என்று எழுதி வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றவே வேண்டாம், கறுப்பாக இருப்பதை எல்லாம் குடிபானம் என்று நினைக்கும் சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும். கராச்சுகளிலும் சேவிஸ் நிலையங்களிலும் பழைய ஒயிலுக்குப் பீப்பா வைத்திருப்பார்கள், கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். தம்பியின் பைக்கிலிருந்து இரண்டு தரம் வடித்த ஒயில், மாமாவின் விலையான ஒயில் உட்பட, இன்னும் என் கொட்டிலில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.